பந்தைத் துரத்தாத கேமரா

கோல் விழுந்த அடுத்த நொடி எல்லோரும் நாலாம் நம்பரைத்தான் பார்த்தார்கள். எதிரணி ஃபார்வர்டு அவனைத் தாண்டிப் போய்த்தான் அடித்தான். கோலி பாய்ந்தும் எட்டவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற மாஸ்டர், “அவன ஏன்டா விட்ட?” என்று கத்தினார். நாலாம் நம்பர் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றான். பதில் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையன்.

மாங்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது. காமாட்சி அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்த கூட்டத்தில் மெயின் ரோடு நகராமல் நின்றது. அங்கிருந்து சில தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட கிரவுண்டில் ஆட்டம். நான் கிரவுண்டுக்குள் இல்லை. மேற்குப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டிய போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடமும் மாஸ்டரிடமும் பையன்களின் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டுதான் அதை அங்கே கட்டினேன். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அந்தப் போன் அசையவில்லை. பந்து எங்கே போனாலும் திரும்பவில்லை. கிரவுண்டு முழுவதும், இருபத்திரண்டு பேரும், எப்போதும் படத்துக்குள் இருந்தார்கள். இந்த அத்தியாயம் அந்த அசையாத படத்தைப் பற்றியது.

நாலாம் நம்பர் ஆடிய இடத்துக்குச் சென்னை கிரவுண்டுகளில் ‘ஸ்டாப்பர்’ என்று பெயர். 1925-ல் ஆஃப்சைடு விதி மாறி, கோல் அடிப்பது சுலபமானபோது, நடுவில் ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபை இங்கிலாந்துக்காரர்கள் பின்வரிசைக்கு இழுத்தார்கள். வருகிறவனைத் தடுத்து நிறுத்துவதுதான் அவன் வேலை, அதனால் ஸ்டாப்பர். பிறந்த ஊரில் அந்தச் சொல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வியாசர்பாடியிலும் ஆவடியிலும் மாங்காட்டிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பெயரோடு ஒரு சுமையும் சேர்ந்தே வருகிறது. கோல் விழுந்தால் முதலில் திட்டு வாங்குவது ஸ்டாப்பர்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிட ஆட்டத்தில் த்ரோ, கார்னர், ஃபவுல், காயம் எல்லாம் போகப் பந்து ஓடிக்கொண்டிருப்பது ஏறக்குறைய 60 நிமிடம். அதை 22 பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு மூன்று நிமிடம்கூட வராது. மிச்சமுள்ள 87 நிமிடமும் ஒரு ஆட்டக்காரன் பந்தில்லாமல்தான் இருக்கிறான்: நடக்கிறான், ஓடுகிறான், இடம் மாறுகிறான், யாருக்காகவோ ஒரு இடத்தைக் காலி செய்கிறான், யாரோ விட்ட இடத்தை அடைக்கிறான். ஆட்டம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது. நம் கண்ணோ அங்கே போவதே இல்லை.

கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் அமைப்பு அப்படி. விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்கும் பகுதி இரண்டு பாகை அளவுதான். கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவு. மற்றதெல்லாம் மங்கல்தான். கண் இங்குமங்கும் தாவி எடுத்துவரும் துண்டுகளை மூளை ஒட்டவைத்து, முழுக் காட்சியையும் பார்த்துவிட்டதாக நம்மை நம்ப வைக்கிறது. பந்து ஓடும்போது அந்த நக அளவு வெளிச்சம் பந்தை விட்டு நகராது. 1986-ல் ஃபிராங்க்ஸ், மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கால்பந்து பார்த்தவர்களிடம் ஆட்டத்தில் நடந்ததைக் கேட்டபோது, பாதிக்கும் குறைவாகவே சரியான பதில்கள் வந்தன. கோட்டோரம் நின்று கத்துகிற எந்த மாஸ்டரையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். அவருக்குக் கிடைத்த காட்சியே பாதிதான்.

எழுதி வைத்தால் சரியாகிவிடுமா? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். 1950 மார்ச் 18 அன்று, இங்கிலாந்தின் ஸ்விண்டன் டவுன் அணி ஆடிய ஆட்டத்தின் இடைவேளையில், விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப் நோட்டையும் பென்சிலையும் கையில் எடுத்தார். ஒவ்வொரு பாஸையும் குறியீடாக எழுதினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், எத்தனையோ ஆட்டங்கள். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன என்று கண்டு, பந்தை நீளமாக முன்னால் அடி என்றார். அந்த முடிவைப் பலர் பின்னாளில் மறுத்தார்கள். பெரும்பாலான தாக்குதல்களே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடும்போது, பெரும்பாலான கோல்களும் அப்படி வருவதில் வியப்பில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு உறுத்துவது வேறு: அவர் நோட்டில் பந்து இருந்தது, பந்தில்லாத இருபத்தொரு பேர் இல்லை.

தொலைக்காட்சியும் அந்த நோட்டைப் போலத்தான். முதன்மைக் கேமரா பந்தோடு திரும்பி, பந்தைச் சுற்றியுள்ள ஒரு பகுதியைக் காட்டுகிறது. பார்க்க அழகு. அணிகள் கேட்பது வேறு ஒன்றை. உலகக் கோப்பையில், உயரத்திலிருந்து மைதானத்தை அகலமாகப் பிடிக்கும் ‘டாக்டிகல் கேமரா’ படம் ஒளிபரப்பைத் தவிரத் தனியாக அணிகளுக்குத் தரப்படுகிறது. 1990-களின் கடைசியில் இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி அணி, மைதானத்தைச் சுற்றி அசையாத கேமராக்களைப் பொருத்தும் ப்ரோசோன் முறையை முதலில் ஏற்றுக்கொண்டது. 2022-ல் கத்தாரில் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்தன. நம் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பாதியையாவது மேல் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். சத்தம் குறையும், முகம் தெரியாது. அணியின் வடிவம் தெரியும்.

வடிவம் தெரிய எது வேண்டும்? அகன்ற லென்ஸ் என்று உடனே சொல்லிவிடுவோம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாடி ஏறிய பிறகுதான் புரிந்தது: முதலில் வேண்டியது உயரம்.

மாஸ்டர் நின்ற இடத்திலிருந்து தொடங்குவோம். கிரவுண்டின் நீளம் 90 மீட்டர், அகலம் 55. டேப் பிடித்து அளந்தோம். அவர் கோட்டுக்கு வெளியே 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவர் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில். எதிர்க்கோட்டருகே, அவரிடமிருந்து 58 மீட்டரில், நம் ரைட் பேக் நிற்கிறான். அவனுக்கு 10 மீட்டர் முன்னால், அதே நேர்கோட்டில் ஸ்டாப்பர். மாஸ்டர் கண்ணுக்கு ரைட் பேக்கின் கால் எங்கே தெரியும்? கண்ணின் உயரத்தை இடைவெளியால் பெருக்கி, பின்னால் நிற்பவனின் தூரத்தால் வகுத்தால் விடை வரும்: 1.6-ஐ 10-ஆல் பெருக்கி 58-ஆல் வகுக்க, 28 சென்டிமீட்டர். அதாவது பின்னால் நிற்பவனின் பாதம், முன்னால் நிற்பவனின் முழங்காலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். இருவர் உடலும் ஒன்றன்மேல் ஒன்று. இப்போது இடைவெளியை 18 மீட்டராக்குங்கள். ஒரு லாரி புகுந்து போகும் ஓட்டை அது. மாஸ்டர் கண்ணுக்கு 28 சென்டிமீட்டர் 50 ஆகும். முழங்காலுக்குக் கீழே தெரிந்த பாதம் முழங்காலுக்குச் சற்று மேலே ஏறும். அவ்வளவே. நாற்பது மீட்டருக்கு அப்பால், புழுதிக்குள், ஓடுகிற கால்களுக்கு நடுவில் ஒரு சாண் வித்தியாசத்தை யார் கவனிப்பார்?

இதே கணக்கை மாடியில் போடுங்கள். கேமரா 10 மீட்டர் உயரத்தில், பக்கத்துக் கோட்டிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்கிறது. எதிர்க்கோடு 90 மீட்டர் தூரம். பத்து மீட்டர் இடைவெளியில் ரைட் பேக்கின் கால் ஸ்டாப்பரின் நெஞ்சருகே, 1.1 மீட்டர் உயரத்தில் தெரியும். பதினெட்டு மீட்டரானால் சரியாக 2 மீட்டர். ஸ்டாப்பரின் தலைக்கும் மேலே, தொடாமல், தனியாக. நடுவே வெறும் மண்.

மாடியில்லாத இடத்தில் கம்பம் நடுகிறார்கள். டென்மார்க்கின் வியோ போன்ற கேமராக்கள் ஏழு மீட்டர் அளவுள்ள கம்பத்தின் உச்சியில், இரண்டு லென்ஸ்களோடு, 180 பாகையையும் பிடிக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் காற்றில் கம்பம் ஆடும். ஒரு பாகை அசைந்தால் 75 மீட்டருக்கு அப்பால் படம் 1.3 மீட்டர் நகர்ந்துவிடும். கான்கிரீட் மாடி ஆடாது. நம் புறநகர்களில் கிரவுண்டைச் சுற்றி வீடுகள் முளைத்து நெருக்குகின்றன என்று வருத்தப்படுகிறோம். அந்த வீடுகளின் மாடிகளைப் பயிற்சியாளர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். மேற்குப் பக்கத்து மாடியாகப் பார்த்துக் கேளுங்கள். சாயங்கால வெயில் முதுகில் விழும், லென்ஸில் விழாது.

இனி அகலம். போனில் சாதாரணமாக வரும் லென்ஸ் ஏறத்தாழ 70 பாகை பார்க்கும். முழு அளவு மைதானத்தின் 105 மீட்டர் நீளத்தையும் அதில் அடைக்க 75 மீட்டர் பின்னால் போக வேண்டும். ‘0.5’ என்று போட்டிருக்கும் அகன்ற லென்ஸ் 108 பாகை பார்க்கும். அதற்கு 38 மீட்டர் போதும். எங்கள் 90 மீட்டர் கிரவுண்டுக்கு 35 மீட்டர் தூரத்து மாடி சரியாக அமைந்தது, இரண்டு கொடிக்கம்பங்களுக்கும் வெளியே கொஞ்சம் மிச்சம் வைத்து. அசைவைத் தடுக்கும் நிலைப்படுத்தி வசதியை மட்டும் போனில் அணைத்துவிட வேண்டும். அது ஓரங்களை வெட்டி எடுத்துத்தான் படத்தை நிலைப்படுத்துகிறது, வெட்டுப்படுவது கார்னர்.

அகலத்துக்கு ஒரு விலை உண்டு. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்ஸ், ஓரத்தில் நிற்பவனைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். 108 பாகைப் படத்தின் விளிம்பில் ஒல்லியான பையன் 1.7 மடங்கு பருமனாகத் தெரிவான். இன்னும் அகலம் வேண்டும் என்றால் அந்த இழுவை தாங்காது. 180 பாகையைத் தட்டையான படத்தில் இப்படி அடைக்கவே முடியாது. அங்கே மீனிடம் போக வேண்டும்.

மாங்காட்டுக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி. அலையில்லாத நாளில் ஏரிக்குள் கிடக்கும் ஒரு மீன் மேலே பார்த்தால், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வானம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், 180 பாகை வானமும் 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கி வருகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், வாளியில் நீர் நிரப்பி அதற்குள் ஊசித்துளைக் கேமரா அமைத்து, மீன் காணும் உலகைப் படம் பிடித்தார். 1906-ல் அதற்கு ‘மீன்கண்’ என்று பெயரும் வைத்தார். இன்றைய மீன்கண் லென்ஸ் கண்ணாடியாலேயே அதைச் செய்கிறது. ஓரத்து ஆள் பருமனாவதில்லை. ஆனால் பக்கக்கோடு வில்லாக வளைந்துவிடுகிறது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். உருண்டையான பார்வையைத் தட்டையான திரையில் விரிக்கும்போது இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இன்னொரு விலை பிக்சல். 4கே படத்தின் அகலம் 3840 பிக்சல். எங்கள் மாடிப் படத்தில் எதிர்க்கோட்டருகே நிற்கும் 1.6 மீட்டர் பையன் 25 பிக்சல் உயரம்தான் வந்தான். முதுகிலுள்ள நம்பர் நான்கு பிக்சல், படிக்க முடியாது. பந்து மூன்று, மூன்றரை பிக்சல். மனிதத் தலையின் உயரமும் பந்தின் விட்டமும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரில், பந்தைத் தானே கண்டுபிடித்துக் காட்டும் கேமரா, லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணித் திரும்பத் திரும்ப அவரையே காட்டியது. கொரோனா காலம். மைதானத்துக்குள் போக முடியாமல் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் தவித்துப்போனார்கள். அந்த இயந்திரத்தின் இடத்திலிருந்து பார்த்தால் வெயிலில் மின்னும் உருண்டையான சில பிக்சல்களே அதற்குத் தெரிந்தவை. அதனால்தான் முழுப் படத்தையும் வெட்டாமல் வைத்திருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எங்கே பார்ப்பது என்பதை இயந்திரம் தவறாக முடிவு செய்தாலும், முழுப் படம் கையில் இருந்தால் மனிதர் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

நம்பர் தெரியாமல் யார் எவர் என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? பையன்களையே கூப்பிட்டேன். நடையையும் ஓட்டத்தையும் பார்த்து நொடியில் சொன்னார்கள். நாலாம் நம்பர் இடது கையைச் சற்று மடக்கி வைத்துக்கொண்டு ஓடுவானாம். முப்பது பிக்சல் உருவத்திலும் அது தெரிந்தது.

அடுத்த வேலை அளப்பது. வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். கிட்டத்தில் விரிந்தும் எட்டத்தில் நெருங்கியும் தெரியும். புள்ளிகள் சம தூரத்தில் வைத்தவை என்று நமக்குத் தெரியும், அதனால் மனம் திருத்திக்கொள்கிறது. கணினிக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். தரையில் உண்மையான தூரம் தெரிந்த நான்கு புள்ளிகள் வேண்டும். அவற்றில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் வரக்கூடாது. நான்கு புள்ளிகளுக்கு நெடுக்கும் குறுக்குமாக எட்டு எண்கள். சாய்ந்த படத்தை மேலிருந்து பார்த்த வரைபடமாக மாற்றும் சூத்திரத்தில் தெரியாமல் இருப்பவையும் எட்டே எண்கள். கணக்கு முடிந்துவிடும். பெரிய மைதானங்களில் பெனால்டி பாக்ஸின் மூலைகளே போதும்: 16.5 மீட்டர் ஆழம், 40.32 மீட்டர் அகலம், உலகெங்கும் அதேதான். எங்கள் கிரவுண்டில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு இடைவேளைக்குள் பாதி அழிந்துவிட்டது. டேப் பிடித்து அளந்து வைத்த நான்கு ஆரஞ்சு கோன்கள்தான் கைகொடுத்தன. மீன்கண் லென்ஸாக இருந்தால் முதலில் வளைவை நிமிர்த்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். வளைந்த கோட்டுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது.

தூரக் கோட்டில் ஒரு பிக்சல் பிசகினால் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் பிசகும். நொடிக்கு 30 படம் எடுக்கும் போனில், வேகமாக ஓடுபவன் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஓர் அடி தூரம் போய்விடுவான். இதை வைத்து ஆஃப்சைடு தீர்ப்புச் சொல்லக்கூடாது. யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை 25 மீட்டருக்குள் அணி சுருங்கி நிற்க வேண்டும் என்று ஏசி மிலானில் அரிகோ சாக்கி வற்புறுத்தினாரே, அந்த மாதிரி மீட்டர் கணக்குகளுக்கு இது தாராளமாகப் போதும். ஓட்டை 10 மீட்டரா 18 மீட்டரா என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்.

ஆட்டம் முடிந்து விளக்கு போட்ட பிறகு, மாடிப்படியில் உட்கார்ந்து மாஸ்டரும் பையன்களும் பார்த்தார்கள். கோலுக்கு ஒன்பது நொடிக்கு முன்பிருந்து ஓட்டினேன். பந்து எதிரணிப் பாதியில் இருக்கிறது. நம் ரைட் மிட், பந்தைப் பறிக்கத் தனியாக முன்னேறிப் போகிறான். அவன் விட்ட இடத்தில் எதிரணி விங்கர். அவனைப் பிடிக்க ரைட் பேக் கோட்டோரம் ஒதுங்குகிறான். ரைட் பேக்குக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே மண் விரிகிறது: பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு மீட்டர். நடுவில் நிற்கும் எட்டாம் நம்பர் இறங்கி வந்து அடைக்க வேண்டிய இடம் அது. அவன் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஸ்டாப்பர் தன் ஃபார்வர்டோடு ஒட்டித்தான் இருக்கிறான். பந்து அந்த ஓட்டைக்குள் விழுகிறது. திரும்பி ஓடுகிற நேரம் ஃபார்வர்டுக்குச் சாதகம்.

“நிறுத்து. கொஞ்சம் பின்னால தள்ளு” என்றார் மாஸ்டர்.

தள்ளினேன். கோலுக்கு ஆறு நொடி முன்னால், அந்த முப்பது பிக்சல் உருவத்தின் தோளிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. பதினோரு பிக்சல் நீளம், ஒன்றிரண்டு பிக்சல் தடிப்பு. காலியான இடத்தை நோக்கி இரண்டு முறை அசைந்தது. நாலாம் நம்பர் குனிந்து திரையில் அதைத் தொட்டான்.

“இது என் கை. நான் கத்துனேன் மாஸ்டர். அவனுக்குக் கேக்கல.”

எட்டாம் நம்பர் இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தான். “எனக்கு நெஜமாவே கேக்கலடா” என்றான்.

மாஸ்டர் நாலாம் நம்பரின் பிடரியில் கையை வைத்தார். சிறிது நேரம் எடுக்கவில்லை. பிறகு, ரைட் மிட் எதற்காக அப்படி முன்னேறினான் என்று பார்க்க, வீடியோவை இன்னும் பத்து நொடி பின்னால் தள்ளச் சொன்னார்.